மிரட்டிட்டாங்க

பிப்ரவரி 9, திங்கள்

சென்னை மாநாட்டின் பேச்சாளர் பட்டியலிலிருந்து அங்கயற்கண்ணியின் பெயர் தற்காலிகமாக எடுக்கப்பட்டிருக்கிறது. சொன்னவர் பீர்முகமது. ஐதராபாத்திலிருந்து அவருக்கு இன்று காலை வந்த மின்னஞ்சலை நானும் படித்தேன்.

பீர்முகமது மதுரை கே.கே. நகரில் இணையதளம் செய்து கொடுக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறார். ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி முதல் தேதி முடிந்த 'வலைக்கூடல்' மாநாட்டை முன்னின்று நடத்தியவர். இணையதளம் உருவாக்குகிறவர்கள் இரண்டு நாள் கூடிப் பேசிய கூட்டம் அது. நாளிதழுக்காக நான் போயிருந்தேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது, ஆனாலும் கூப்பிட்டால் எழுதுகிறேன். கட்டுரை இரண்டாம் தேதி வந்தது.

அங்கயற்கண்ணி இரண்டாம் நாள் மதியம் தமிழ் அரங்கில் பேசினார். 'பக்கம் ஏன் தாமதமாகத் திறக்கிறது' என்பது தலைப்பு. அதைக் கேட்டவர்கள் கொடுத்த வரவேற்பைப் பார்த்து, ஏப்ரலில் சென்னையில் நடக்கும் பெரிய மாநாட்டின் தொடக்க உரையை அவருக்குக் கொடுத்தார்கள். அந்த மேடையில் இதுவரை யாரும் தமிழில் பேசியதில்லை என்று பீர்முகமது சொல்கிறார். நான் தனியாகச் சரிபார்க்கவில்லை.

இப்போது வந்த சிக்கல் இது. உரைகளைப் பற்றிய கருத்துகளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வந்ததையெல்லாம் ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு ஆங்கிலமாக்கி, இந்த மாநாடுகளுக்கெல்லாம் தாய் அமைப்பான ஐதராபாத் அமைப்பின் நடத்தைக் குழுவுக்கு அனுப்புவது வழக்கம். அச்சுறுத்தல், அடி, கொலை போன்ற சொற்கள் வந்தால் மென்பொருள் சிவப்புக் குறி போடும். அங்கயற்கண்ணியின் உரைக்கு நான்கு சிவப்புக் குறிகள் விழுந்திருக்கின்றன.

"கொன்னுட்டாங்கன்னு ஒருத்தன் எழுதிருக்கான்க்கா. மெஷினு அத கொலைன்னு புரிஞ்சுக்கிருச்சு. போலீஸுக்குப் போன் போடாம விட்டாய்ங்களேன்னு சந்தோஷப்படணும்" என்றார் பீர்முகமது.

"அந்தக் குழுவுல தமிழ் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

"ஒருத்தர் இருக்காரு. டெல்லியில பொறந்து வளந்தவரு. பின்னிட்டாங்கன்னா, சடையான்னு கேக்குறாரு."

எழுதியவர்களையே கேட்டு, அவர்கள் என்ன பொருளில் எழுதினார்கள் என்று ஓர் அறிக்கை வேண்டும் என்கிறது குழு. கேட்பவர் இந்தத் தொழிலில் இல்லாதவராகவும் மாநாட்டை நடத்தியவர்களில் ஒருவராக இல்லாதவராகவும் இருக்க வேண்டுமாம். இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு புகார் உறுதியானாலும் அந்தப் பேச்சாளருக்கு இரண்டு வருடம் அந்த அமைப்பின் எந்த மேடையும் கிடையாது என்பது விதி.

"ரெண்டு நாள் வேலைக்கா. நீங்க கேட்டா வாயத் தொறப்பாய்ங்க."

ஒப்புக்கொண்டேன்.

வீட்டில் மிக்ஸி ஓடவில்லை. என் கணவர் ஞானதுரை முப்பத்தோரு வருடம் மின்வாரியத்தில் இருந்தவர், கடையில் கொடுக்க விடமாட்டார். சாப்பாட்டு மேஜை முழுவதும் மிக்ஸி பரந்து கிடக்கிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

நான்கு கருத்துகளும் வந்த வடிவிலேயே கிடைத்தன. எழுத்து மாறாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

"அக்கா கொன்னுட்டாங்க."

"பயங்கரம்!! எங்க கம்பெனி வெப்சைட்ட பத்தி பேசாமயே வெச்சு செஞ்சிட்டாங்க."

"செம அடி. இனிமே பெரிய போட்டோ ஏத்தும்போது கை நடுங்கும்."

"மிரட்டிட்டாங்க"

முதல் மூன்றும் உரை முடிந்த கையோடு வந்தவை. நான்காவது மறுநாள், இரண்டாம் தேதி மாலை வந்திருக்கிறது. முற்றுப்புள்ளிகூட இல்லை.

எண்களை எனக்குத் தரக் கூடாது என்று பீர்முகமதிடம் சொன்னேன். அவர் அலுவலகத்திலிருந்தே நால்வருக்கும் செய்தி போயிருக்கிறது: விருப்பமிருந்தால் எஸ்தர் மேடத்தை இந்த எண்ணில் அழையுங்கள்.

ரசத்துக்கு மிளகு அம்மியில் தட்டினேன். ருசி கூடியிருக்கிறது என்றார் ஞானதுரை. இப்படிச் சொல்லியே மிக்ஸியை இன்னும் ஒரு வாரம் இழுப்பார்.

பிப்ரவரி 11, புதன்

முதல் கருத்தை எழுதியவர் அழைத்தார். தேனிக்காரர், பெயர் வேண்டாம் என்றார்.

"கொன்னுட்டாங்கன்னு எழுதுனீங்க. அது பாராட்டா, புகாரா?"

"மேடம், கொன்னுட்டாங்கன்னா கொன்னுட்டாங்க மேடம். அத எப்படி விளக்குறது?"

"உங்க வாயால சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

"எங்க வீட்ல பிரியாணி நல்லா இருந்தா எங்கம்மாட்டயும் இதத்தான் சொல்றேன். அதுக்கும் யாராச்சும் போன் பண்ணுவாங்களா?"

பாராட்டு என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

அங்கயற்கண்ணியை அண்ணா நகரில் அவர் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் பார்த்தேன். வயது முப்பத்தாறு, ஊர் திருமங்கலம். ஜவுளிக்கடைகளுக்கு இணையதளம் செய்யும் நிறுவனத்தில் இருக்கிறார். இரண்டாவது குழந்தை பள்ளிக்குப் போன பிறகு வேலைக்குத் திரும்பியவர். மேடையில் இருந்த அதே குரல்தான் டீக்கடையிலும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுகிறார்.

நான்கு கருத்துகளும் அவருக்குத் தெரியும். கடைசி இரண்டையும் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார்.

"மிரட்டிட்டாங்க! இதுதான்க்கா எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே வார்த்த, பாருங்களேன்."

சென்னை மேடை போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்தினார்.

"போனாப் போகுதுன்னு சொல்வேன்னு நினைச்சீங்களா? சொல்ல மாட்டேன். எனக்கு அது வேணும். காலேஜ் முடிச்சதுலருந்து மீட்டிங்னா கடைசி சேருதான். வேல தெரியும், இங்கிலீஷ் வராது. நான் செஞ்சத நல்லா இங்கிலீஷ் பேசுறவன் எந்திரிச்சு விளக்குவான், நான் தலைய ஆட்டணும். பீர் அண்ணன் தமிழ்ல பேசுன்னு சொன்னப்பதான் வாயத் தொறந்தேன். தொறந்தா இவ்வளவு வருதேன்னு எனக்கே ஆச்சரியம்."

டீக்குக் காசு நான் கொடுக்கப் போனேன். விசாரணைக்கு வந்தவரிடம் சாட்சி டீ வாங்கிக் குடிக்கலாமா என்று கேட்டு, தன்னுடையதைத் தானே கொடுத்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

இரண்டாமவரும் மூன்றாமவரும் பேசிவிட்டார்கள். இருவரும் பாராட்டியே எழுதியிருக்கிறார்கள். இரண்டாமவர் திண்டுக்கல், தன் நிறுவனத்தின் பெயரை எங்கேயும் போட்டுவிட வேண்டாம் என்றார். தன் முதலாளியே அந்தக் கருத்தைப் படித்துவிட்டு, நம் தளம் அவ்வளவு மோசமா என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"பயங்கரம்னு சொன்னேன் மேடம். பாராட்டுன்னு நினைச்சுக்கிட்டாரு."

பிப்ரவரி 14, சனி

பீர்முகமது அழைத்தார்.

"மூணு ஆச்சுல்லக்கா. நாலாவதும் அதேதான். எழுதி அனுப்பிருங்க."

"கேக்காம எப்படி எழுதுறது?"

"மதுரையில மிரட்டிட்டாங்கன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

தெரியும். இருந்தாலும் காத்திருக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வர மதியமாகிவிட்டது. மிக்ஸி ஒரு நிமிடம் ஓடியது. பிறகு புகை வந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

நான்காவது கருத்து பாராட்டு அல்ல. அதை எழுதியவரே இன்று மதியம் போனில் சொன்னார். பெயர் முத்துப்பேச்சி, வயது பத்தொன்பது, உசிலம்பட்டிப் பக்கம் பாலிடெக்னிக்கில் கணினி படிக்கிறார்.

பேசியதை நினைவிலிருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

"நீங்க எழுதுனது பாராட்டுதானம்மா?" என்று கேட்டேன். கேள்வியை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மற்ற மூவரிடமும் இரண்டையும் சொல்லித்தான் கேட்டேன்.

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்களா மேடம்?"

"ஆமா."

"நான் தமிழ்லதான மேடம் எழுதுனேன்?"

அன்று அரங்கில் நடந்ததை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். உரையின் நடுவில் அங்கயற்கண்ணி, யாராவது தங்கள் பக்கத்தைக் கொடுங்கள், திறந்து பார்ப்போம் என்றார். முத்துப்பேச்சி தன் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தார். அவர்கள் தெருக்களுக்குத் தண்ணீர் லாரி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரும் என்று காட்டும் பக்கம் அது. அவரே செய்தது. அதில் இருந்த லாரிப் படம் மிகப் பெரியது, அதனால் திரை வெள்ளையாகவே நின்றது.

"'இது தொறக்குறதுக்குள்ள தண்ணி லாரி வந்து போயிரும்'னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சரி, எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம், 'யாரும்மா இது, எந்திரிங்க'ன்னாங்க. எந்திரிச்சேன். 'போட்டோ எவ்ளோ பெருசுன்னு சொல்லுங்க'ன்னாங்க. தெரியல. 'தெரியாமயே ஏத்திட்டீங்களா?'ன்னாங்க. மறுபடி சிரிப்பு. உக்காரச் சொல்லவே இல்ல மேடம். அவங்க படத்தச் சின்னதாக்கி, பக்கத்த டக்குன்னு தொறந்து காட்டி, எல்லாரும் கை தட்டி முடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தேன்."

"பக்கம் இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா தொறக்குது. அவங்க சொன்னபடிதான் மாத்துனேன். அது வேற மேடம். இது வேற."

மறுநாள் மாலைதான் கருத்து அனுப்பியிருக்கிறீர்கள், ஏன் என்று கேட்டேன்.

"அன்னிக்கே மறந்துருவேன்னுதான் நினைச்சேன். மறுநாள் காலேஜ்ல பேப்பர் வந்துச்சு. அதுலருந்து என் பேரே தண்ணி லாரிதான். ஹாஸ்டல் ஆயாகூட அப்படித்தான் கூப்பிடுது." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்கதான மேடம் அத எழுதுனது? கீழ உங்க பேரு இருந்துச்சு."

"ஆமா."

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க" என்றார். கேலியாகத் தெரியவில்லை.

கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். முதல் வரி: 'இந்தப் பக்கம் திறப்பதற்குள் தண்ணீர் லாரி வந்து போய்விடும் என்று அங்கயற்கண்ணி சொன்னதும் அரங்கம் குலுங்கியது.' மாணவியின் பெயர் இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவி என்று மட்டும் இருக்கிறது. அங்கிருந்து வந்தவர் ஒரே ஒருவர் என்பது இன்றுதான் தெரிந்தது.

தன் பெயரையும் சொன்னதையும் அங்கயற்கண்ணியிடம் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தார். அது புகாரா என்று கேட்டேன். யோசிக்க வேண்டும் என்றார்.

மிக்ஸியைக் கடையில் கொடுத்துவிட்டேன். ஞானதுரை தடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்தார் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒரு தரப்பு சொன்னதை மட்டும் வைத்து எழுதுவதில்லை. பீர்முகமதின் அலுவலகத்தில் காணொளியைப் பார்த்தேன். இன்னும் பொதுவில் வெளியிடவில்லை. முத்துப்பேச்சி சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அதில் இருக்கிறது. அவர் சொல்லாத ஒன்றும் இருக்கிறது: போட்டோ எவ்வளவு பெரியது என்று கேட்ட பிறகு அவர் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது.

இரண்டாவது சிரிப்பின்போது கேமரா பார்வையாளர் பக்கம் திரும்புகிறது. முன்வரிசையில் மூன்று பேர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார்கள். நடுவில் இருப்பவள் நான். பீர்முகமது அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு அவராகவே ஓட விட்டார்.

"புகார்னு அந்தப் பொண்ணு வாயால சொல்லுச்சாக்கா?"

"இல்ல."

"அப்ப பாராட்டுன்னே போட்டுறலாம்ல."

"அதையும் சொல்லல."

"அக்கா, கொஞ்சம் யோசிங்க. இது புகாராச்சுன்னா அங்கயற்கண்ணிக்கு மேடை போச்சு. ரெண்டு வருஷம். அவங்கள விடுங்க, தமிழ்ல பேச விட்டோம், பாரு என்ன ஆச்சுன்னு சொல்றதுக்கே நாலு பேரு காத்துக்கிட்டு இருக்கான். ஒரு சிரிப்புக்கு இம்புட்டா?"

"ஒரு சிரிப்புன்னு அந்தப் பொண்ணு சொன்னா அப்படியே எழுதுறேன்."

"உங்ககிட்ட குடுத்ததே தப்பு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் வாசல் வரை வரவில்லை. வழக்கமாக வண்டி எடுக்கும்வரை நிற்பவர்.

நாளிதழின் இணையப் பிரிவுக்கு அழைத்து, கட்டுரையில் ஊர்ப் பெயரை எடுக்க வேண்டும் என்றேன். "என்னாச்சு மேடம், கேஸ் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார் அங்கிருந்த பையன். இல்லை என்றேன். அப்புறம் எதற்கு என்றார். எழுத்தில் கேளுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 18, புதன்

லெந்து நோன்புக் காலம் தொடங்கிவிட்டது. ஞானதுரை நாற்பது நாள் ஆட்டுக்கறியை விட்டிருக்கிறார். நீ என்ன விடுகிறாய் என்று கேட்டார். யோசிக்கவில்லை என்றேன். "முதல் வரியில ஜோக் வைக்கிறத விடேன்" என்றார். அவரிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. நான் எடுத்து மேஜையில் போட்டிருந்த இரண்டாம் தேதிப் பேப்பரைப் படித்திருக்கிறார்.

மாலை அங்கயற்கண்ணியைப் பார்த்தேன். முத்துப்பேச்சி சொன்னதை நான் எதையும் சேர்க்காமல் சொன்னேன். முதன்முறையாக அவர் குறுக்கே பேசவில்லை.

"நான் எந்திரிக்கச் சொன்னேனா?"

"சொன்னீங்க. வீடியோவுல இருக்கு."

"ஞாபகமே இல்லக்கா. தண்ணி லாரி ஞாபகம் இருக்கு. கை தட்டுனது ஞாபகம் இருக்கு. ஒரு புள்ள நின்னுச்சுங்கிறது..." டீ கிளாஸை அப்படியே வைத்திருந்தார். "நான் கடைசி சேர்ல உக்காந்தவக்கா. எவனாச்சும் எந்திரி, பதில் சொல்லுன்னு சொல்லிருவானோன்னு குனிஞ்சே உக்காந்திருப்பேன்."

கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"ஸ்டேட்டஸ்ல வேற போட்டேனே. அந்தப் புள்ள பாத்திருக்குமா?"

"உங்க நம்பர் அவங்ககிட்ட இருக்கா?"

"பேச்சு முடிஞ்சதும் கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். அதுவும் வந்து வாங்குச்சுன்னு நினைக்கிறேன். சிரிச்சுக்கிட்டே வாங்குச்சுக்கா."

மேடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போகும்போதுதான் கேட்டார்: "அது புகார்னு சொல்லிருச்சா?"

"இன்னும் சொல்லல."

பிப்ரவரி 19, வியாழன்

நடத்தைக் குழுவுக்கு நிலவரத்தை எழுதினேன். மூன்று கருத்துகள் பாராட்டு, எழுதியவர்களே உறுதி செய்தார்கள். நான்காவதை எழுதியவருடன் பேசிவிட்டேன், அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அந்த உரையின்போது அறிக்கை எழுதும் நானும் அரங்கில் இருந்தேன், உரை பற்றிய செய்திக் கட்டுரையை எழுதியவளும் நானே, அந்தக் கட்டுரையால் மாணவி கல்லூரியில் அடையாளம் தெரிந்து கேலிக்கு ஆளானார். வேறு ஒருவர் விசாரிக்க வேண்டும் என்று குழு கருதினால் விலகிக்கொள்கிறேன்.

பகலுக்குள் பதில் வந்தது. விலக வேண்டியதில்லை. எழுதியவரே புகார் என்று சொன்னால்தான் அது புகார். அதற்காகக் கெடுவைப் புதன்கிழமைக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

நான்காவது கருத்து புகார்தான் என்று அங்கயற்கண்ணி தானாகவே குழுவுக்கு எழுதிவிட்டார். கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பியிருக்கிறார். தமிழிலேயே எழுதியிருக்கிறார். 'மிரட்டிட்டாங்க என்று அந்த மாணவி எழுதியது பாராட்டு அல்ல. அவர் சார்பில் நானே இதைப் புகாராகப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் மிரட்டியது உண்மை.'

பீர்முகமது இரண்டு முறை அழைத்தார். முதல் முறை கத்தினார். இரண்டாவது முறை, "இனிமே யாரக்கா நான் மேடைக்குக் கூப்பிடுறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

"நல்ல பொம்பள" என்றார் ஞானதுரை. எனக்கும் அப்படித்தான் பட்டது. கடிதம் எழுதியிருப்பதை முத்துப்பேச்சிக்குச் செய்தியாக அனுப்பினேன். அவரைப் பற்றிய கடிதம், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மிக்ஸி வந்துவிட்டது. உள்ளே ஒரு திருகாணி குறைகிறது என்று கடைக்காரர் கேட்டனுப்பியிருந்தார். ஞானதுரையின் சட்டைப் பையில் இருந்தது.

பிப்ரவரி 21, சனி

முத்துப்பேச்சி காலையிலேயே அழைத்தார். குரல் திங்கட்கிழமை மாதிரி இல்லை.

"அவங்க ஏன் மேடம் எனக்காகச் சொல்றாங்க?"

"தப்ப ஒத்துக்கிட்டாங்கம்மா. அவங்களுக்கு அந்த மேடை எவ்வளவு முக்கியம்னு..."

"தெரியும் மேடம். அதுக்காக, நான் எழுதுனதுக்கு என்ன அர்த்தம்னு அவங்க சொல்லலாமா? மொதல்ல எல்லாரும் சேர்ந்து பாராட்டுன்னாங்க. இப்ப அவங்க புகார்ங்கிறாங்க. அன்னிக்கும் இப்படித்தான். கேள்வியும் அவங்களே கேட்டாங்க, நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பதிலையும் அவங்களே சொன்னாங்க."

நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன்.

"அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க?"

"எப்ப?"

"போட்டோ எவ்ளோ பெருசுன்னு கேட்டப்ப. வீடியோவுல வாயத் தொறந்தீங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. முதன்முறையாக அவர் சிரித்துக் கேட்கிறேன்.

"அக்கா, அது எப்படிப் பாக்குறதுன்னு கேக்க வந்தேன் மேடம். தெரியலன்னா கேட்டுத்தான தெரிஞ்சுக்கணும்?"

பிறகு சொன்னார்: "அவங்க சென்னையில பேசக் கூடாதுன்னு நான் எங்கயும் சொல்லல. பேசட்டும்னும் இன்னும் சொல்லல. எனக்குத் திங்கக்கிழம வரைக்கும் இன்டர்னல் பரீட்சை இருக்கு. அது முடிஞ்சதும் நானே உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றேன். அது வரைக்கும் நீங்களும் எதையும் எழுதிறாதீங்க மேடம்."

"எழுதல."

"சத்தியமா?"

"சத்தியமா."

வைப்பதற்கு முன், பரீட்சை என்ன பாடம் என்று கேட்டேன். கணக்கு என்றார். எப்படிப் படித்திருக்கிறீர்கள் என்றேன். "பயங்கரமா" என்றார். எந்தப் பொருளில் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

கட்டுரையின் இணையப் பதிப்பிலிருந்து ஊர்ப் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது. ஆராதனை முடிந்து வந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். முதல் வரி அப்படியே இருக்கிறது. அச்சில் வந்ததை இனி ஒன்றும் செய்ய முடியாது.

அங்கயற்கண்ணியின் கடிதத்தைப் புகாராக எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை என்று குழு நேற்று மாலை பதில் அனுப்பியிருக்கிறது. எழுதியவர் சொல்லும்வரை காத்திருக்கிறார்கள். பீர்முகமது எனக்கு அதை அனுப்பி, கீழே ஒரு கும்பிடு போட்டிருந்தார். எனக்கா, குழுவுக்கா, ஆண்டவனுக்கா, தெரியவில்லை.

மதியம் அங்கயற்கண்ணி அழைத்தார்.

"அந்தப் புள்ள கூப்பிட்டுச்சாக்கா?"

"நேத்துக் கூப்பிட்டாங்க. உங்க கடிதத்துக்குக் கோபம்."

"கோபமா? நான் அதுக்குச் சாதகமாத்தானக்கா எழுதுனேன்?"

"அவங்க சொல்ல வேண்டியத நீங்க சொல்லிட்டீங்களாம்."

"நான் போன் பண்ணி மன்னிப்புக் கேக்கட்டுமாக்கா? இல்ல, நேர்ல உசிலம்பட்டிக்கே போயி... பஸ்ஸுல ஒரு மணி நேரம்தான். போயி, இங்க பாரும்மா, நான் என்ன நினைச்சேன்னா..." என்று தொடங்கியவர் நடுவிலேயே நின்றார். அவராகவேதான் நின்றார்.

"அது எப்பக்கா கூப்பிடும்?"

"நாளைக்கு. பரீட்சை முடிஞ்சு."

"சரிக்கா. கூப்பிடட்டும்."

அறிக்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. முதல் மூன்று கருத்துகளுக்கு எதிரே எழுதியவர்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. நான்காவதற்கு எதிரே எதுவும் எழுதவில்லை. முத்துப்பேச்சி நாளை, திங்கட்கிழமை மாலை அழைப்பார். குழு புதன்கிழமை காலை கூடுகிறது. சென்னைப் பட்டியல் அதன் பிறகுதான் இறுதியாகும்.